பரட்டைக் கீரை புகட்டும் பாடம்

ஒரத்தநாட்டுச் சீமையில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. 1934-ல் மேட்டூர் அணை எழுந்த காலத்தில் வந்தது கல்லணைக் கால்வாய். ஜனங்கள் அதைப் ‘புது ஆறு’ என்பார்கள். ஏரியையும் வானத்தையும் நம்பியிருந்த மண்ணில் அது நெல்லை விளைவித்தது. ஆனால் பத்தாயத்தில் நெல் உள்ள வீட்டிலும் கீரைக்கட்டு கடையிலிருந்துதான் வருகிறது. கொல்லையோ சும்மா கிடக்கிறது!

குளிர்நாட்டார் இப்படி இருக்க முடியாது. ஸ்காத்லாந்தில் வெயில் காலம் சில மாதங்களே. அங்கே குடியானவர்களை நெடுங்காலம் காத்தது ‘கேல்’ என்னும் பரட்டைக் கீரை. முட்டைக்கோசு, நூல்கோல் இரண்டும் இதன் இனமே. வீட்டுக் கொல்லைக்கே அங்கு ‘கேல் தோட்டம்’ என்று பெயர். குளிர் மிகுந்த நாடுகளில் பனி உருகும்வரை காத்திராமல், வீட்டுக்குள்ளேயே தொட்டியில் நாற்றுவிட்டு, மண் இளகியதும் நடுவார்கள். உறைபனி பட்டால் இக்கீரை மாள்வதில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொண்டு முன்னிலும் இனிக்கும்.

அதற்காக ஒரத்தநாட்டிலும் கேல் பயிரிட வேண்டுமா? வேண்டாம். இங்கே உறைபனி ஏது? மாசி வெயில் ஏறினால் இலை முற்றிக் கசந்துவிடும். நாம் கற்க வேண்டியது அந்தக் கீரையை அல்ல; குறுகிய பருவத்தை நழுவ விடாத வித்தையை!

நமக்கும் அத்தகைய பருவம் உண்டு. அடைமழை ஓய்ந்த மார்கழி முதல் பங்குனி வெயில் வரும்வரை அது நீடிக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கும் சம்பாப் பயிரின் ஊடே உளுந்தைத் தெளித்து, மண்ணின் ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைவிப்பவர் டெல்டா விவசாயி. வயலில் காட்டும் அந்தச் சாமர்த்தியம் கொல்லைக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

மார்கழி பிறந்ததும் மேட்டுப்பாத்தி கட்டிச் சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்தால், மூன்று நான்கு வாரங்களில் பறிக்கலாம். பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் மாசி வரை கீரைக்குக் குறைவிராது. கிணற்றடியில் வீணாகும் தண்ணீரே போதும். வேலியோரம் ஒரு முருங்கை நின்றால் கோடையிலும் கவலையில்லை.

இதை அற்ப விஷயம் என்று தள்ளுவதற்கில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கீரை ஒன்றே இதற்கு மருந்தாகாது. ஆயினும் தினமும் இலையில் ஒரு பிடி கீரை விழுவது நல்ல தொடக்கம். ஊருக்கெல்லாம் சோறு போடும் சீமையில் பெண்கள் ரத்தமின்றி வாடலாமா? வருகிற மார்கழியில் கொல்லைக்கும் மண்வெட்டி போகட்டும்!