ஓட்டைக் குடமும் ஓனர் சாரும்

நண்பர் குடியிருப்பது வேளச்சேரியில். 'ஏ.சி. உள்ள வீடு' என்று சொல்லியே வாடகையில் இரண்டாயிரம் கூட்டி வாங்கினார் ஓனர். சித்திரை வெயிலில் அந்த ஏ.சி. வெறும் காற்றை ஊதியது. போன் செய்தால், "யூஸ் பண்றது நீங்கதானே சார், நீங்களே பார்த்துக்குங்க!" மெக்கானிக் வந்தார், கேஸ் நிரப்பினார், காசு வாங்கினார். அடுத்த வருஷமும் அதே கதை.

ஏ.சி. கேஸ் என்ன சமையல் சிலிண்டரா, எரிந்து தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

நான் படித்தது பி.காம். ஃபில்டர் கழுவுவது, சர்வீஸ் செய்வதெல்லாம் வருவாயினச் செலவு. குடியிருப்பவர் கொடுக்கட்டும், நியாயம். காயிலும் கம்ப்ரஸரும் மாற்றுவது முதலினச் செலவு. சொத்து யாருடையதோ, செலவும் அவருடையது. வாடகை மட்டும் அவருக்கு, ரிப்பேர் மட்டும் நமக்கா?

சட்டம் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமே கீசர் ரிப்பேரையும், மின்சாதன ரிப்பேரையும் வாடகைதாரர் தலையில்தான் கட்டுகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால்தான் தப்பிக்கலாம்.

எனவே, அட்வான்ஸை எண்ணி வைக்கும் முன் அந்த ஒரு வரியை எழுதி வாங்குங்கள். கூச்சப்பட்டால் வியர்க்கும்!