பள்ளிவாசலில் ஜமீன் மொழி

சென்ற மாதம் நம் கைக்கு வந்த நிகாஹ் அழைப்பிதழில் ஜமாஅத் தலைவரின் பெயருக்கு முன்னால் ஐந்து பட்டங்கள் இருந்தன. நம் பெயருக்கு முன்னால் மூன்று. மறுக்காமல் நாமும் மேடையேறினோம். மேடைக்குக் கீழே, எழுபது வயதைத் தாண்டிய மோதினாரை மீசை அரும்பிய பிள்ளை ஒருவன், "ஏய், அந்தப் பாயை இங்கே போடு" என்று ஏவினான். யாரும் அவனைக் கண்டிக்கவில்லை; நாமும் கண்டிக்கவில்லை.

இந்தப் பேச்சை மார்க்கம் நமக்குக் கற்றுத் தரவில்லை. சிங்கம்பட்டி, ஊத்துமலை என ஜமீன்கள் ஆண்ட சீமை இது. 'மகாராஜராஜஸ்ரீ' என்பதை 'ம.ள.ள.ஸ்ரீ' எனச் சுருக்கி மனுவிலும் கடிதத்திலும் எழுதிய காலம் ஒன்று இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. கல்வி, இராணுவச் சிறப்புகள் நீங்கலாக அரசு எவருக்கும் பட்டம் வழங்கலாகாது என்று அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவும் விதித்தது. ஜமீன் போயிற்று, அதன் நாக்கு நம்மிடம் தங்கிவிட்டது.

ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கினால் வந்த உயர்சொல்லே, இலக்கண நெறி அன்று என்பது தொல்காப்பியத்தின் தீர்ப்பு. சங்கப் புலவர்கள் பாண்டியனை நேர்நின்று 'நீ' என்றே பாடினர். நாமோ 'அவர்' போதாதென்று 'அவர்கள்' ஆக்கி, ஒரு மனிதருக்கு இரட்டைப் பன்மை சூட்டுகிறோம்.

அரபுச் சொற்களின் கதை இன்னும் வியப்பானது. 'ஹஸ்ரத்' என்றால் முன்னிலை. 'சாஹிப்' என்றால் தோழர். ஸஹாபி என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். இந்நாட்டிற்கு வந்தபின் தோழர் எஜமானர் ஆகிவிட்டார்! 'மவ்லானா' என்று நபி (ஸல்) அவர்கள் யாரை அழைத்தார்கள்? விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரலி) அவர்களை. நம் சகோதரர், நம் மவ்லா என்றார்கள் (புகாரி). அரசர்க்கரசன் எனப் பொருள்படும் 'மலிக்குல் அம்லாக்' என்ற பெயரையோ அல்லாஹ்விடம் மிக இழிந்தது என்றார்கள்.

"மரியாதையே வேண்டாமா?" என்று சிலர் சீறுவர். வேண்டும். உங்களுக்குள் ஒருவரையொருவர் அழைப்பதுபோல் தூதரை அழைக்காதீர் என்று குர்ஆன் (24:63) கண்டிக்கிறது. ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸுக்கு எழுதிய மடலில், ரோமர்களின் மகத்தானவர் என்று அவருக்கு உரிய தகுதியை நபியவர்கள் கொடுத்தார்கள். தம்மை அல்லாஹ்வின் அடிமை, தூதர் என்றே குறித்தார்கள். ஆக, நம் வழக்கு மரியாதையோடு அன்று, அதைப் பங்கிடும் முறையோடு. துஆவில் கையேந்தி அல்லாஹ்வை 'நீ' என்கிறோம்; அவன் ஒருவன், ஆதலால் ஒருமை. துஆ முடிந்ததும் தலைவருக்குத் 'தாங்கள்'. ஐவேளையும் நம்மைத் தொழுகைக்கு அழைப்பவருக்கு 'ஏய்'. நெல்லைச் சீமையில் வழங்கும் 'நீர்', 'வாரும்' என்ற நடுத்தர மரியாதைகூட அவருக்குக் கிட்டுவதில்லை.

நம் மதரஸாவில் இவ்வாரம் முதல், மோதினாரை 'நீங்கள்' என்று அழைக்காத மாணவனுக்கு அன்றைய பாடம் இல்லை. அடுத்த மாத அழைப்பிதழ் ஒன்று அச்சுக்குப் போகிறது. நம் பட்டங்கள் மூன்றையும் அடித்துத் திருப்பிவிட்டோம். தலைவருடைய ஐந்தும் அப்படியே இருக்கின்றன.