ஆளைக் குறைக்கலாமா, நேரத்தைக் குறைக்கலாமா?

ஒரு கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கு திடீரென்று நின்றுபோகிறது. முதலாளி என்ன செய்வார்? நூறு பேரில் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்புவார் என்றுதானே சொல்வீர்கள்? அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. 2007 கடைசியில் 5 சதவிகிதமாக இருந்த வேலையின்மை, 2009 அக்டோபரில் 10 சதவிகிதத்தைத் தொட்டது.

அதே வருடம் ஜெர்மனிக்கு விழுந்த அடி இன்னும் பலம். காரும் இயந்திரமும் ஏற்றுமதி செய்து பிழைக்கிற தேசம். வாங்க ஆளில்லை. பொருளாதாரம் 5 சதவிகிதத்துக்கும் மேல் சுருங்கியது. ஆனால், வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. காரணம், 'குர்ட்ஸ்அர்பைட்'. பெயர் வாயில் நுழையாது, விஷயம் எளிது. யாரையும் நிறுத்தாமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். அதனால் கைக்கு வராமல் போகும் சம்பளத்தில் 60 சதவிகிதத்தை வேலையின்மைக் காப்பீட்டு நிதி கொடுக்கும். பிள்ளை இருந்தால் 67 சதவிகிதம். (இந்த 7 சதவிகிதத்தை யோசித்தவர் நிச்சயம் குடும்பஸ்தராகத்தான் இருப்பார்!) 2009 மே மாதம் 14 லட்சம் பேருக்கு மேல் இப்படித்தான் சமாளித்தார்கள்.

இது முதலாளிகளின் தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே ஒரு தொழிலாளி மூன்று வருடம் பயிற்சி பெற்றுத்தான் மெஷினில் கை வைப்பார். அவரை அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்கமாட்டார். தவிர, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில் மேற்பார்வைக் குழுவின் பாதி இடம் தொழிலாளர்களுக்கு என்று 1976-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஜப்பானும் ஆளை அனுப்பாத நாடுதான். நிரந்தர ஊழியராக இருந்தால்! ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையோடு கம்பெனி விடுதியையும் இழந்தார்கள். 2009 புத்தாண்டு அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடாரத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான்.

ஆர்டர் திரும்பி வரும் என்றால்தான் ஜெர்மனியின் வைத்தியம் பலிக்கும். இப்போது சீனாக்காரர்கள் தங்கள் ஊர் மின்சாரக் காரையே வாங்குகிறார்கள். 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் மேற்பட்ட இடங்கள் குறையும். ஆனால், யாரையும் கட்டாயமாக வெளியேற்ற மாட்டார்கள். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஆண்டுக்கு 1,400 இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருந்தவர்கள், 2026 முதல் 600 பேரைத்தான் எடுப்பார்களாம்.