பழைய புல்லட்டும் சிறிய பட்ஜெட்டும்



விருதுநகர், சிவகாசிப் பக்கம் பழைய புல்லட்டை வாங்கித் தம் ரசனைப்படி மாற்றியமைக்க விரும்பும் இளைஞர்கள், கையில் இருக்கும் பணத்தை முதலில் பெயிண்டிலும் பளபளப்பிலும் கொட்டிவிடக் கூடாது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டு முயற்சியாகப் பிறந்த என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டின் 350 சிசி வார்ப்பிரும்பு என்ஜின் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. ஓர் ஆண்டு மாடலின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துவது இதனால்தான். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலே என்ஜின் மீண்டும் உயிர்பெறும். ஆர்.சி. புத்தகம், என்ஜின், பிரேக், வயரிங். செலவின் வரிசை இதுவாக இருக்கட்டும்.

சட்டமும் முக்கியம். 2021 விதிப்படி 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்கே விண்டேஜ் பதிவு. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸையோ என்ஜினையோ மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தயாரிப்பாளரின் அசல் விவரங்களை மாற்றத் தடை விதிக்கிறது.

சைலன்சரின் உள்தகட்டை எடுப்பது இன்னும் மோசம். அந்தத் தகடு இல்லாமல் என்ஜின் பேக்ஃபயர் ஆனால் புகைக்குழாயிலிருந்து தீ தெறிக்கும். வெடிமருந்தோடு வாழும் வட்டாரத்தில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அரசு ஐடிஐக்களும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து, இந்த இளைஞர்களுக்கு வழிகாட்டும் முகாம்களை மாவட்டத்தில் நடத்த வேண்டும்.

– ஒரு வாசகர், சிவகாசி