பாதியில் விடலாமா?

மரக்காணம் உப்பளத்தில் வெயில் காலமே கூலிக் காலம். அப்போது நோய் வந்தால்?

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. அதில் அபூர்வமாகப் புற்றுநோய் வரும். ஓயாத இருமல், மூச்சுத் திணறல், முக வீக்கம். உப்புக் காற்றுதான் காரணம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

முடிந்தால் கட்டியை அறுத்து எடுப்பார்கள். மிச்சம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பாய்ச்சி அழிப்பார்கள். பாயும்போது வலிக்காது. ஆனால் வாரம் 5 நாள் வீதம், 5 அல்லது 6 வாரம் போகவேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் மறுபடி தலை தூக்கும்.

1957-ல் கோபால்ட் கருவி வந்தது அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு. இன்றோ, பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலேயே கதிர் சிகிச்சை உண்டு. பஸ்ஸும் உண்டு. அன்றாடக் கூலி?

மழைக் காலத்தில் உப்பளக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. அந்த ஆறு வாரத்துக்கும் தரட்டுமே!