கையெழுத்து டில்லிக்கு, கடன் நமக்கு!

காஞ்சிக்கு அருகே கூரத்தில் கிடைத்த செப்பேடுகள், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அளித்தவை. பாலாற்றிலிருந்து ஏரிக்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்காலைப் பற்றி அவை பேசுகின்றன. கொடையை 25 பங்காக்கி, 20 பங்கை நான்மறையாளர் இருபதின்மருக்கு வார்த்துக் கொடுத்ததையும் கூசாமல் கூறுகின்றன. உழுதவன் பங்கு எங்கே என்ற வழக்கை வேறொரு நாள் வாதாடுவோம், தோழர்களே! இன்னாருக்கு இவ்வளவு என்று செம்பில் வெட்டி வைத்தானே முடியரசன், அந்த அளவுக்கேனும் கணக்கு விவரம் குடியரசில் முன்கூட்டியே நம் கண்ணுக்குக் கிட்டுகிறதா? அதைத்தான் இன்று கேட்கிறோம்.

தமிழகத்து ஏரிகளையும் பாசன வாய்க்கால்களையும் சீர்ப்படுத்த 2007-இல் உலக வங்கி 48.5 கோடி டாலர் கடன் தந்தது. 2017-இல் மேலும் 31.8 கோடி டாலர். ஏரி நிறையட்டும், எவர் பணத்தில் நிறைந்தாலும் பயிர் பசுமைதான். ஆனால், இன்ன நிபந்தனையின்பேரில் வாங்குகிறோம் என்று மக்களின் உறுப்பினரிடம் முன்னதாகக் கேட்டார்களா?

அரசியல் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, மாநிலம் வெளிநாட்டில் கடன் பெற இடந்தரவில்லை. ஆகவே கடன் பெறுபவர் என்ற இடத்தில் கையெழுத்திடுவது டில்லி. சுமப்பது யார்? 2005 முதல் உள்ள நடைமுறைப்படி, வெளிநாட்டுக் கடன் வாங்கிய நிபந்தனையோடேயே மாநிலத்தின் தலையில் இறக்கப்படுகிறது. ரூபாய் சரிந்தால் வரும் நட்டமும் நம்முடையதே! அந்தச் சரிவு என்ன செய்யும் என்பதற்கு 1966 ஜூன் 6 சாட்சி. உலக வங்கியும் உதவி தரும் நாடுகளும் நெருக்க, 4.76 ரூபாயாக இருந்த டாலர் அன்று 7.50 ரூபாயாயிற்று. டாலரில் பட்ட கடன், ஒரு காசு புதிதாக வாங்காமலே, ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் வீங்கிற்று.

நாடாளுமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 292-ஆம் பிரிவின்படி கடனுக்கு உச்சவரம்பு விதிக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஒப்பந்தமும் கையெழுத்தாகுமுன் அவையின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிறகு தணிக்கையாளர் வருவார், பொதுக் கணக்குக் குழு கூடும். அது பிணப் பரிசோதனை, மருத்துவமன்று!

கொடுக்கும் நாடுகளிலோ கதை வேறு. நருமதையின் சர்தார் சரோவர் அணைக்கு 1985-இல் உலக வங்கி 45 கோடி டாலர் தர ஒப்பியது. நிலமும் வீடும் இழக்கவிருந்தோரின் முறையீட்டை 1989-இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக் குழு ஒன்று அமர்ந்து கேட்டது. வங்கி தன்னிச்சையான ஆய்வுக் குழுவை அமைக்க நேர்ந்தது; அது 1992-இல் குறைகளை அடுக்கியது; 1993-இல் எஞ்சிய கடனே வேண்டாம் என்றது இந்திய அரசு. நம் மக்களின் கண்ணீரைக் காட்ட ஏழு கடல் கடந்து வாஷிங்டன் போக வேண்டியிருந்தது என்றால், வெட்கப்பட வேண்டியவர் யார்? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பன்னாட்டு வளர்ச்சிக் குழுவும் 2011-இல் இந்தியாவுக்குத் தரும் உதவியைத் துருவி ஆராய்ந்தது. தம் வரிப்பணம் போகுமிடம் பற்றி அவர்கள் கேட்கிறார்கள், கேட்கட்டும். வட்டியும் முதலும் கட்டும் நாம் கேட்டால் மட்டும் அதிகப்பிரசங்கித்தனமா?

"அரசாங்க இரகசியம், பன்னாட்டு உறவு" என்று குரலைத் தாழ்த்துவோர் உண்டு. இரகசியமாவது! உலக வங்கி தன் கடன் ஒப்பந்தங்களை உலகறிய வெளியிடுகிறது, ஆங்கிலத்தில். கையெழுத்தான பின் ஊரார் அனைவரும் படிக்கும் தாளை, கையெழுத்தாகுமுன் அவையின் மேசையில் வைத்தால் எந்தக் கோட்டை இடிந்துவிடும்? தமிழகத்திலிருந்து மக்களவைக்குச் செல்லும் 39 பேரும் இதைக் கேட்கட்டும். கடனைச் சுமக்கும் மாநிலத்தின் சட்டமன்றத்திலும் அதே ஒப்பந்தம், தமிழில், விவாதத்துக்கு வரட்டும்.