ஒலிபெருக்கிப் பெட்டியை நாமே செய்யலாமே!

ஒலிபெருக்கிப் பெட்டி கடையிலேயே கிடைக்கிறது. மாணவர்கள் அதை எதற்காகச் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். செய்து பார்த்தால்தான் பெட்டியின் வேலை புரியும் என்பது என் கருத்து.

ஒலிபெருக்கியின் உள்ளே அதிரும் கூம்பு, முன்னும் பின்னும் ஒலியை எழுப்புகிறது. பெட்டி இல்லையென்றால் இவ்விரு அலைகளும் கலந்து, தாழ்ந்த ஒலிகள் வலுவிழந்துவிடும். பெட்டியின் வடிவமும் முக்கியம். 1951ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியலாளர் ஹாரி ஓல்சன் வெளியிட்ட ஆய்வில், கனசதுரப் பெட்டியைவிடக் கோள வடிவப் பெட்டியே சீரான ஒலியைத் தந்தது. கூர்மையான விளிம்புகளில் ஒலியலைகள் சிதறுவதே இதற்குக் காரணம்.

பலகையால் கோளம் செய்வது கடினம். சிற்பக் கலையின் அச்சு முறையிலோ அது எளிது. ஊதிய பலூனின்மேல், பசையில் நனைத்த நாளிதழ்த் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிட்டால் உருண்டையான ஓடு கிடைக்கும். ஓடு மெல்லியதாக இருந்தால் அதிரும். இடைவெளி இருந்தால் காற்று கசியும். இக்குறைகளை மாணவரின் காதே கண்டுபிடித்துவிடும். அவர் மீண்டும் ஒட்டுவார், மீண்டும் கேட்பார்.

இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். முதல் பெட்டி கடைப் பெட்டிக்கு ஈடாகாமலும் போகலாம். ஆயினும், கலையும் அறிவியலும் ஒரே மேசையில் சந்திக்கும் இவ்வாய்ப்பைப் பள்ளிகள் மாணவர்களுக்கு வழங்க வேண்டும்.